அவர்கள் கூடிப் பேசட்டும், நீங்கள் சம்பள நோட்டைத் திறங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் நானும் மனைவியும் ஒரு சிறிய தென்னிந்திய உணவகம் நடத்துகிறோம். சமையலறையில் ஐந்து பேர். அதில் நால்வர் மெக்சிகோவின் ஒஹாகாவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள். தோசைக்கல்லில் நிற்பவர் எங்களிடம் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. வாரம் 55 மணி நேர வேலை. வாரச் சம்பளம் பேசி ரொக்கமாகக் கொடுக்கிறோம். கொஞ்ச நாளாக இவர்கள் நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு தொழிலாளர் அமைப்பின் கூட்டங்களுக்குப் போய்வருகிறார்கள். இப்போது எங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறார்கள். கடை மூடியிருக்கும் திங்கட்கிழமை காலையில் உரிமைகள் பற்றிய பயிற்சி நடத்த இடம் வேண்டும். சமையலறைக் கதவில் 'ஊழியர்கள் மட்டும்' என்று பலகை வேண்டும். மே 1 ஊர்வலத்துக்கு விடுமுறை வேண்டும். நல்ல மனிதர்கள், உதவ ஆசைதான். ஆனால் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. 'நமக்கு எதற்கு இந்த வம்பு' என்கிறார் மனைவி. நான் என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றுக்கும் சரி என்று சொல்லுங்கள். மூன்றுமே சட்டத்துக்கு உட்பட்டவை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிய ஒரு விவரம் இருக்கிறது: வாரம் 55 மணி நேரம், பேசிய சம்பளம், ரொக்கம். தொழிலாளர் வழக்குகள் நடத்தும் எனக்குக் கவலை தருவது ஊர்வலமும் பலகையும் அல்ல, அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் கூட்டத்தைப் பற்றி.

இப்படிக் கூடுவதை ஏதோ ரகசிய வேலை என்று உங்கள் மனைவி நினைக்கலாம். அமெரிக்காவில் இது வெளிப்படையாக, பல பத்தாண்டுகளாக நடந்துவரும் காரியம். 1935-இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தொழிற்சங்க உரிமையைக் கொடுத்தபோது வயலில் வேலை செய்பவர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்திவிட்டது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஏராளமானோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். வழக்கமான சங்கக் கதவு மூடியிருந்ததால் அவர்கள் வேறு வழி கண்டார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவின் டெலனோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் பிலிப்பினோ தொழிலாளர்கள். ஒரு வாரம் கழித்து மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். நாடு முழுக்கக் குடும்பங்கள் திராட்சை வாங்குவதை நிறுத்திய பிறகுதான், 1970-இல், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அந்த வழியிலேயே வந்தவைதான் இன்றைய தொழிலாளர் மையங்கள். சங்கம் இல்லாத இடங்களில் வேலை செய்பவர்கள், நாள்கூலிகள், வீட்டு வேலைக்காரர்கள், சமையலறை ஊழியர்கள் கூடுகிற இடம் அது. உங்கள் ஊழியர்கள் போகும் அமைப்பு எது என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. ஆனால் நியூ பிரன்ஸ்விக்கில் 'நியூ லேபர்' என்ற மையம் கால் நூற்றாண்டாக இயங்குகிறது. எலிசபெத்திலும் பசேயிக்கிலும் 'மேக் த ரோடு நியூஜெர்சி' இருக்கிறது. எடிசனைச் சுற்றியுள்ள கிடங்குகளில் ஏஜென்சி மூலம் தற்காலிக வேலைக்குப் போகிறவர்களுக்கு, அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஊழியருக்கு இணையான சம்பளம் தரவேண்டும் என்று 2023 பிப்ரவரியில் நியூஜெர்சி சட்டம் போட்டது. அதன் பின்னால் இருந்தது இந்த இரண்டு அமைப்புகளின் பல வருட உழைப்பு. குடியேற்ற அந்தஸ்து எதுவானாலும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்ற சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறி 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்ததே, அதற்கும் இப்படித்தான் மக்கள் மாநிலத் தலைநகரான டிரென்டனுக்குப் பேருந்து ஏறிப் போய் நின்றார்கள். உங்கள் தோசை மாஸ்டர் கையில் உரிமம் இருந்தால், அது இப்படி ஒரு கூட்டத்தில் விதைக்கப்பட்டது.

கூட்டத்தில் என்ன சொல்லித்தருவார்கள்? பேசாமல் இருக்கும் உரிமை. வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்து போடாதே என்பது. பெற்றோரைப் பிடித்துச் சென்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. சம்பளம் கொடுக்காத முதலாளியிடம் எப்படிக் கேட்பது, வேலை நேரத்தை எப்படிக் குறித்துவைப்பது. இதெல்லாம் எங்கிருந்து வந்த பாடம் என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2008 மே 12 அன்று அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சின்ன ஊரின் இறைச்சி ஆலையில் சோதனை நடத்தி 389 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள், அவர்களில் பலர் மாயா மொழிகள் பேசுபவர்கள். கால்நடைச் சந்தை மைதானத்தில் தற்காலிக நீதிமன்றம் அமைத்து, கும்பல் கும்பலாக நிறுத்தி, சில நாட்களில் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். என்ன குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம் என்பதே பலருக்குப் புரியவில்லை. 'புரியாததில் கையெழுத்து வேண்டாம்' என்ற பாடம் அப்படிப்பட்ட இடங்களில்தான் கற்கப்பட்டது. உங்கள் ஒஹாகா, குவாத்தமாலா ஊழியர்களுக்கும் ஸ்பானிஷ் இரண்டாவது மொழியாக இருக்கலாம். ஒஹாகாவில் சபோட்டெக், மிக்ஸ்டெக் என்ற பழங்குடி மொழிகள் பேசும் ஊர்கள் ஏராளம். பயிற்சிக்கு யாருடைய மொழியில் ஆள் வருகிறார் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் இடம் கொடுத்தால் போதும்.

இடம் கொடுத்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். அக்கறையில்தான் என்றாலும் நீங்கள் அங்கே உட்காரக் கூடாது. யார் வந்தார், என்ன பேசினார்கள் என்று மறுநாள் விசாரிக்கக் கூடாது. சங்கம் இல்லாத கடையிலும், ஊழியர்கள் தங்கள் சம்பளம், வேலை நிலை பற்றிச் சேர்ந்து பேசுவதை நான் மேலே சொன்ன 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. ஆண்டு விற்பனை 5 லட்சம் டாலரைத் தொடும் உணவகத்துக்கு அது பொருந்தும். அதை வேவு பார்ப்பதும் துருவிக் கேட்பதும் அந்தச் சட்டப்படி தவறு.

'பேப்பர் இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டா' என்பது அடுத்து வரும் கேள்வி. உண்டு. சிகாகோவில் தோல் பதனிடும் ஒரு நிறுவனத்தில் ஊழியர்கள் சங்கத்துக்கு வாக்களித்ததும், முதலாளி குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுத்தார். ஐந்து தொழிலாளர்கள் மெக்சிகோவுக்குத் திரும்ப நேர்ந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம், ஆவணமற்றவர்களும் அந்தச் சட்டத்தின் கீழ் ஊழியர்களே, பழிவாங்கக் காட்டிக்கொடுத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2002-இல் அதே நீதிமன்றம் இதில் ஒரு பெரிய ஓட்டை போட்டது. சங்க வேலைக்காக ஒருவரைச் சட்டவிரோதமாக நீக்கியிருந்தாலும், அவர் ஆவணமற்றவர் என்றால் நீக்கிய காலத்துக்கான சம்பளத்தை வாங்கித்தர முடியாது என்று சொல்லிவிட்டது. உரிமை இருக்கிறது, மீறினால் கிடைக்கும் நிவாரணம் பாதிதான். என்னைக் கேட்டால் அது அநியாயமான தீர்ப்பு. ஆவணமற்றவரைப் பயமுறுத்துவது மலிவாகிவிட்டது. இந்த மக்கள் நீதிமன்றத்தை மட்டும் நம்பாமல் கூட்டமாகச் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் செய்துமுடித்த வேலைக்கான கூலி வேறு விஷயம். அங்கே ஓட்டை கிடையாது. வேலை செய்தவர் யாராக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் கொடுத்தே ஆகவேண்டும்.

இங்கேதான் உங்கள் 55 மணி நேரம் வருகிறது. 'வாரச் சம்பளம் பேசிவிட்டோம், அவரும் ஒத்துக்கொண்டார்' என்ற வாதம் நிற்காது. சமையல்காரருக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு. அந்த உரிமையை அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரம் 15 மணி நேர ஓவர்டைம் என்றால் வருடத்துக்கு 780 மணி, நான்கு வருடத்தில் 3,120 மணி. இது ஒருவர் கணக்கு மட்டும். 2019-இல் வந்த நியூஜெர்சியின் ஊதியத் திருட்டுச் சட்டப்படி ஆறு வருடம் பின்னோக்கிக் கேட்கலாம். பாக்கித் தொகைக்கு மேல், அதன் இரண்டு மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். புகார் கொடுத்த 90 நாட்களுக்குள் அவரை நீக்கினாலோ நேரத்தைக் குறைத்தாலோ, பழிவாங்கியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 'பேப்பர் விஷயத்தைச் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டிச் சம்பளக் குறையை மறைப்பதற்கும் 2024-இல் தனியாக அபராதம் கொண்டுவந்திருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்பவர் அல்ல என்று உங்கள் கடிதத்தின் தொனியே சொல்கிறது. இருந்தாலும் கோபத்தில் ஒரு வார்த்தை வாய் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆகவே இந்த வாரமே ஒரு கணக்காளருடன் உட்காருங்கள். இனிமேல் வேலை நேரத்தைத் தினமும் பதிவு செய்யுங்கள், வரி பிடித்து ரசீதுடன் சம்பளம் கொடுங்கள், 40-க்கு மேல் ஒன்றரை மடங்கு போடுங்கள். பழைய பாக்கியை ஒரே தவணையில் தரமுடியாவிட்டால் அதற்கு முறைப்படி ஒப்பந்தம் செய்ய வழி இருக்கிறது. ஆனால் அதை வக்கீல் மூலம்தான் செய்யவேண்டும், கையில் பணத்தைத் திணித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் செல்லாது. உங்கள் கையிலிருந்து பெரிய தொகை போகும், கஷ்டமாகத்தான் இருக்கும். சின்ன உணவகத்தில் லாபம் எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனித உரிமைக்கு உதவ விரும்பும் முதலாளிக்கு அது கல்லாவிலிருந்து தொடங்குகிறது. ஊர்வலத்துக்கு விடுமுறை கொடுத்துவிட்டு ஓவர்டைமைப் பிடித்துவைத்தால் அந்த உதவிக்கு அர்த்தமில்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. வேலை அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலையில் வைப்பது 1986 முதல் முதலாளிக்குக் குற்றம். வேலைக்குச் சேரும் எல்லோருக்கும், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பவேண்டும். நிரப்பாமல் விட்டிருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு, 'ஸ்பானிஷ் பேசுபவர்களிடம் மட்டும் மறுபடி பேப்பர் கேட்போம்' என்று இறங்கிவிடாதீர்கள். ஆளைப் பார்த்து, ஊரைப் பார்த்து ஆவணம் கேட்பது பாகுபாடு, அதற்குத் தனி வழக்கு வரும். கூட்டத்துக்குப் போனார்கள் என்பதற்காகக் கேட்டால் அது பழிவாங்கல். வக்கீலின் ஆலோசனைப்படி, எல்லோருக்கும் ஒரே மாதிரி.

சரி, பலகை. போட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கூடம் வாடிக்கையாளருக்குத் திறந்த இடம், ஐஸ் எனப்படும் குடிவரவு அமலாக்கத் துறை அதிகாரிகளும் அங்கே வாரன்ட் இல்லாமல் வரலாம். சமையலறை, ஸ்டோர் ரூம், அலுவலக அறை தனியிடங்கள். அங்கே நுழைய உங்கள் சம்மதமோ நீதிபதி கையெழுத்திட்ட வாரன்டோ வேண்டும். பலகை அந்த எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிறது, அவ்வளவுதான். காகிதத்தைக் காட்டினால் படித்துப் பாருங்கள். தலைப்பில் நீதிமன்றத்தின் பெயர், கீழே நீதிபதியின் கையெழுத்து, உங்கள் கடையின் சரியான முகவரி, தேதி இருந்தால் அது நீதிமன்ற வாரன்ட், வழிவிட வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயரும் ஓர் அதிகாரியின் கையெழுத்தும் மட்டும் இருந்தால் அது நிர்வாக வாரன்ட். அதைக் காட்டி உங்கள் சமையலறைக்குள் வர முடியாது, அந்த ஆள் இன்று வேலைக்கு வந்திருக்கிறாரா என்று நீங்கள் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

2025 ஜனவரியில் நியூவர்க்கில் ஒரு மீன் கடையில் புகுந்து மூன்று பேரைக் கொண்டுபோனார்கள். வாரன்ட் காட்டவில்லை என்றும், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒருவரிடம்கூட அடையாளம் கேட்டார்கள் என்றும் நகர மேயர் குற்றம்சாட்டினார். ஆகவே தாளில் உள்ள சட்டம் அந்த நேரத்தில் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். அவர்கள் தள்ளிக்கொண்டு வந்தால் உடம்பால் தடுக்காதீர்கள். 'நான் சம்மதிக்கவில்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள், பெயர், பேட்ஜ் எண் குறித்துக்கொள்ளுங்கள், தள்ளி நின்று வீடியோ எடுங்கள். ஊழியர்களை ஓடச் சொல்லாதீர்கள், யாரையும் ஒளித்துவைக்காதீர்கள், பொய் சொல்லாதீர்கள், காகிதத்தைக் கிழிக்காதீர்கள். இந்த நான்கும் உங்களையே குற்றவாளியாக்கும். வாசலில் பேசுவது ஒருவர் மட்டுமே, நீங்கள் அல்லது மனைவி, என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஐ-9 படிவங்களைப் பார்க்க நோட்டீஸோடு வந்தால் பதற்றம் வேண்டாம், குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அன்றைக்கே எடுத்துக்கொடுக்காதீர்கள்.

மே 1 பற்றிச் சில வரிகள். அந்த நாள் 1886-இல் சிகாகோ தொழிலாளர்களின் எட்டு மணி நேரப் போராட்டத்தில் பிறந்தது. ஆனால் அமெரிக்கா செப்டம்பரில் வேறொரு தொழிலாளர் தினம் வைத்துக்கொண்டு அதை மறந்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் லத்தினோ, அதாவது லத்தீன் அமெரிக்க, குடியேறிகள். 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய ஒரு மசோதா, ஆவணமின்றி நாட்டில் இருப்பதையே பெருங்குற்றமாக்கவும் அவர்களுக்கு உதவுகிறவர்களைத் தண்டிக்கவும் பார்த்தது. 2006 மார்ச்சில் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். மே 1 அன்று வேலைக்குப் போகாமல், பொருள் வாங்காமல், நாடு முழுக்க நடந்தார்கள். சில இறைச்சி ஆலைகள் அன்று இயங்கவில்லை, பல உணவகங்கள் மூடியிருந்தன. மசோதா செனட்டைத் தாண்டவில்லை. அது சட்டமாகியிருந்தால், உங்களைப் போல 'உதவ ஆசை' என்று எழுதுகிறவர்களும் அதில் மாட்டியிருக்கலாம். விடுமுறை கேட்டால் மற்ற நாள் கொடுப்பதுபோலவே கொடுங்கள். யார் எங்கே போகிறார் என்று எழுதிவைக்காதீர்கள்.

இனி மனைவியின் கேள்வி, 'நமக்கு எதற்கு'. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025-இல் கிரீன் கார்டு வைத்திருந்தவர்களையே போராட்டங்களில் கலந்துகொண்டதற்காகக் கைது செய்ததைப் பார்த்தோம். உங்கள் விண்ணப்பம் முடியும்வரை நீங்கள் இருவரும் கைதாகும் வாய்ப்புள்ள எந்த இடத்திலும் நிற்காதீர்கள். ஆனால் இடம் கொடுப்பதும் விடுமுறை கொடுப்பதும் பலகை மாட்டுவதும் குடியுரிமைக்குத் தடை ஆகாது. கணக்கில் வராத ரொக்கச் சம்பளமும் செலுத்தாத வரியும் ஆகலாம். நேர்காணலில் வரி பற்றிக் கேட்பார்கள். ஆகையால் பயப்படுவதானால் சரியான இடத்தில் பயப்படச் சொல்லுங்கள்.

அவருக்கு இதையும் சொல்லுங்கள். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸை மறுபடி கட்டியவர்களில் பெரும் பங்கு லத்தினோ நாள்கூலிகள். கூலி கிடைக்காமல் ஏமாந்தவர்கள் ஏராளம், அவர்கள் சேர்ந்து நாள்கூலிகள் பேரவை ஒன்றை அமைத்தார்கள். அதே சமயத்தில் வளைகுடாக் கரையின் கப்பல் கட்டும் தளங்களுக்கு எச்-2பி எனும் தற்காலிக வேலை விசாவில் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களும் குழாய் பொருத்துபவர்களும் அழைத்துவரப்பட்டார்கள். கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பி ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல் ஏஜென்டிடம் கட்டியவர்கள். வந்தபின் ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை அடைத்து, அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தார்கள். 2008 மார்ச்சில் மிசிசிப்பியின் பாஸ்ககூலாவில் அவர்கள் கூட்டமாக வெளிநடப்பு செய்தார்கள், பிறகு வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற நியூ ஆர்லியன்ஸ் தொழிலாளர் மையம்தான் அந்த லத்தினோ நாள்கூலிகள் பேரவைக்கும் வீடு. 2015-இல் ஜூரி முதல் ஐந்து பேருக்கு மட்டும் 1.4 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொண்டபோது கைகொடுத்த ஏற்பாட்டைக் கட்டியவர்களில் இந்த மக்களும் உண்டு. இதைக் கேட்டபிறகும் உங்கள் மனைவிக்குத் தயக்கம் இருந்தால் அது அவர் உரிமை, வற்புறுத்த வேண்டாம்.

கடைசியாக, வக்கீல் விஷயம். உங்களுக்கு ஒருவர், அவர்களுக்கு வேறொருவர். நல்லெண்ணத்தில் 'என் வக்கீலிடமே எல்லோரையும் கூட்டிப்போகிறேன்' என்று செய்யாதீர்கள். சம்பளப் பாக்கி விஷயத்தில் நீங்கள் எதிரெதிர் பக்கம், ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் உண்மையாக இருக்க முடியாது. அவர்களுக்கான வக்கீலை அந்த மையமே காட்டும். 'நொட்டாரியோ' என்று பலகை மாட்டி, வக்கீல் இல்லாமலே குடிவரவு விண்ணப்பம் எழுதித்தருகிறவர்களிடம் மட்டும் போகவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் நொட்டாரியோ என்றால் சட்டம் படித்தவர், இங்கே அப்படியில்லை, அந்தக் குழப்பத்தில் பணத்தையும் வழக்கையும் இழந்தவர்கள் நிறைய. நீங்கள் வக்கீலைப் பார்க்கப் போகும்போது நான்கு வருடத்து வேலை நேரக் குறிப்புகள், சம்பளம் கொடுத்ததற்கான எந்தத் துண்டுச்சீட்டு இருந்தாலும், ஐ-9 படிவங்கள், மூன்று வருட வரித் தாக்கல், குடியுரிமை விண்ணப்பத்தின் நகல் இவற்றை எடுத்துப்போங்கள். நேரக் குறிப்பு ஒன்றும் இல்லை என்றால் புதிதாக எழுதித் தயாரிக்காதீர்கள், இல்லை என்றே சொல்லுங்கள்.